சிடி மதிப்பிலிருந்து மடங்கு மாற்றம் வரை: கியூபிசிஆர் தரவைப் பிழையில்லாமல் கணக்கிட ஒரு வழிகாட்டி

கியூபிசிஆர், அதாவது டிஎன்ஏ சுழற்சிதோறும் பெருகுவதை ஒளிர்வால் அளக்கும் சோதனை, ஓட்டி முடித்துவிட்டீர்கள். கையில் ஒரு எக்செல் கோப்பு இருக்கிறது. 96 வரிசை, ஒவ்வொன்றிலும் 18, 25, 31 என்று ஒரு சிடி எண், அதாவது ஒளிர்வு குறித்த எல்லையைத் தாண்டிய சுழற்சியின் எண். இதை வைத்து 'உப்பு கொடுத்த நாற்றில் இந்த மரபணுவின் வெளிப்பாடு எத்தனை மடங்கு கூடியது' என்று சொல்ல வேண்டும். அதற்கான வாய்ப்பாடு ஒரே வரிதான். எந்த எண்ணைப் போட்டாலும் அது ஒரு விடையைக் கொடுத்துவிடும். பிரைமர் (டிஎன்ஏ பெருக்கத்தைத் தொடங்கும் சிறு இழை) சரியில்லை, ரெஃபரன்ஸ் ஜீன் (ஒப்பிட அளவுகோலாக வைக்கும் மாறாத மரபணு) ஆடுகிறது, மாதிரிகளை எண்ணியதே தப்பு என்று அது நம்மிடம் சொல்லாது. அவற்றை நாம்தான் பார்த்தாக வேண்டும். முதல் முறை கணக்கிடும் எம்எஸ்சி, பிஎச்டி மாணவர்களுக்காக, எந்தப் படியில் எதைப் பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே பரிசோதனையைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம். நெல் நாற்று, 3 கட்டுப்பாட்டு மாதிரி, உப்புநீர் கொடுத்த 3 மாதிரி. பார்க்க வேண்டிய மரபணு என்எச்எக்ஸ்1. சோடியத்தை வாக்குவோலுக்குள் (உயிரணுவின் நீர்ப்பைக்குள்) தள்ளும் புரதத்துக்கான மரபணு இது. ரெஃபரன்ஸ் ஜீன்கள் இரண்டு: யூபிகியூ5, இஎஃப்1-ஆல்ஃபா. கீழே வரும் சிடி எண்கள் கணக்கைப் பழகுவதற்காக நான் போட்டவை. காகிதத்தில் நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

1. பிளேட் கணக்கும் செலவும் முதலில்

கணக்கிடும்போது இல்லாமல் போகும் தரவில் பாதி, பிளேட் போடும் அன்று விட்டுப்போனது. அதனால் பிளேட்டின் 96 வெல்லையும் (சிறு குழிகளையும்) இப்படிப் பிரித்துவிடுங்கள்:

- 6 மாதிரி × 3 மரபணு × 3 வெல் = 54
- பிரைமர் திறனை அளக்க ஸ்டாண்டர்டு கர்வ்: 5 நீர்ப்பு × 3 மரபணு × 2 வெல் = 30
- டெம்ப்ளேட் (பெருக்க வேண்டிய டிஎன்ஏ) இல்லாத வெல், அதாவது என்டிசி: 3 மரபணு × 2 = 6
- ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவிலிருந்து டிஎன்ஏ நகல் செய்யும் நொதி) சேர்க்காத மாதிரி: 6 மாதிரி × 1 = 6

மொத்தம் 96, ஒரு வெல் மிச்சமில்லை. கடைசி ஆறு வெல்லுக்கு இன்ட்ரானைத் (ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் பகுதி) தாண்டாத பிரைமர் ஜோடியைத் தேர்ந்தெடுங்கள். இன்ட்ரானைத் தாண்டும் பிரைமர் என்றால் டிஎன்ஏ கலந்திருந்தாலும் பெருகாமல் போய், மாதிரி சுத்தமாக இருப்பதுபோல் காட்டும்.

ஒரு வெல்லுக்கு 10 மைக்ரோலிட்டர் போதும். 2எக்ஸ் சைபர் கிரீன் மாஸ்டர் மிக்ஸ் 5, முன், பின் பிரைமர்கள் 10 மைக்ரோமோலாரில் தலா 0.3, நீர்த்த சிடிஎன்ஏ (ஆர்என்ஏவின் டிஎன்ஏ நகல்) 2, தண்ணீர் 2.4. ஒரு பிளேட்டுக்கு மாஸ்டர் மிக்ஸ் 480 மைக்ரோலிட்டர். பைப்பெட்டில் போவதற்கு 10 சதவீதம் கூட்டினால் 528. அதையே 20 மைக்ரோலிட்டராகப் போட்டால் இந்தச் செலவு அப்படியே இரட்டிக்கும். பட்ஜெட்டில் பெரிய தொகை மாஸ்டர் மிக்ஸுக்கும் ஆர்என்ஏ கிட்டுக்கும்தான் போகும். பிரைமர் அவ்வளவு இல்லை. அதனால் ஒரு மரபணுவுக்கு இரண்டு ஜோடி பிரைமர் வாங்கிச் சோதித்து நல்லதை வைத்துக்கொள்வது வீண் செலவில்லை.

நாள் கணக்கு: ஆர்என்ஏ எடுத்து டிஎன்ஏஸ் (டிஎன்ஏவை அழிக்கும் நொதி) போட ஒரு நாள். சிடிஎன்ஏ செய்து, ஒவ்வொரு பிரைமரையும் இரண்டொரு வெல்லில் சோதித்துப் பார்க்க ஒரு நாள். புதியவர் 96 வெல்லை நிரப்ப ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். 40 சுழற்சியும் மெல்ட் கர்வும் (பெருகிய துண்டு பிரியும் வெப்பநிலையைக் காட்டும் வளைவு) ஓட இன்னொரு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மெஷின் பொதுக் கருவியகத்தில் இருந்தால், ஓடும் நேரத்தை மட்டும் வைத்துப் பதிவு செய்யாதீர்கள். பிளேட்டை மூடி, சுழற்றி, வைக்க அரை மணி சேர்த்துக் கேளுங்கள். கணக்கிட முதல் முறை அரை நாள் ஒதுக்குங்கள்.

2. ஆர்என்ஏ அளந்த தாளை எடுத்து வையுங்கள்

சிடி எண்ணைத் தொடுவதற்கு முன் இந்தத் தாள் பக்கத்தில் இருக்கட்டும். ஒளி உறிஞ்சலின் 260/280 விகிதம் 2.0-ஐ ஒட்டி இருக்க வேண்டும். 260/230 விகிதம் 1.8-க்குக் கீழே போனால் குவானிடின் உப்போ, ஃபீனாலோ, செடி மாதிரியானால் பாலிசாக்கரைடோ கலந்திருக்கலாம். ஜெல்லில் ரைபோசோம் ஆர்என்ஏவின் 28எஸ் (செடியில் 25எஸ்), 18எஸ் பட்டைகள் தெளிவாகத் தெரிய வேண்டும்.

எல்லா மாதிரியிலும் ஒரே அளவு ஆர்என்ஏ, உதாரணத்துக்கு 1 மைக்ரோகிராம், சிடிஎன்ஏ வினைக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். 'ரெஃபரன்ஸ் ஜீன்தான் சரிசெய்துவிடுமே' என்று இங்கே அலட்சியம் காட்டுவது வழக்கம். சிறிய வேறுபாட்டைத்தான் அது சரிசெய்யும். ஒரு மாதிரியில் 1 மைக்ரோகிராமும் இன்னொன்றில் 100 நானோகிராமும் போட்டிருந்தால் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் இரண்டிலும் ஒரே திறனோடு வேலை செய்திருக்கும் என்று நம்ப முடியாது.

20 மைக்ரோலிட்டர் சிடிஎன்ஏ வினை முடிந்ததும், நீர்ப்பதற்கு முன்பே, ஆறு மாதிரியிலிருந்தும் தலா 3 மைக்ரோலிட்டர் எடுத்து ஒரே குழாயில் சேருங்கள். இந்த 18 மைக்ரோலிட்டர் கலவைதான் ஸ்டாண்டர்டு கர்வுக்கு. மிச்சத்தை 10 மடங்கு நீர்த்தால் ஒரு மாதிரிக்கு 170 மைக்ரோலிட்டர் கிடைக்கும். வெல்லுக்கு 2 வீதம் 85 வெல்லுக்கு வரும். நாளைக்கு இன்னும் சில மரபணுக்கள் பார்க்க வேண்டியிருந்தாலும் அதே சிடிஎன்ஏ போதும்.

3. எண்ணை ஏற்றுமதி செய்யும் முன் திரையில் பாருங்கள்

மென்பொருள் தானாகப் போட்ட பேஸ்லைனையும் (பெருக்கம் தெரியும் முன் உள்ள பின்னணி ஒளி) த்ரெஷோல்டையும் (சிடியைத் தீர்மானிக்கும் ஒளிர்வு எல்லை) அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். வரைபடத்தை லாக் அளவுக்கு மாற்றுங்கள். எல்லா வளைவும் நேர்கோடாக, ஒன்றுக்கொன்று இணையாக ஏறும் பகுதி தெரியும். த்ரெஷோல்ட் அங்கே இருக்க வேண்டும். பேஸ்லைன் பொதுவாக 3 முதல் 15-ஆவது சுழற்சி வரை வைக்கப்பட்டிருக்கும். 18எஸ் போன்ற அளவு மிகுந்த ஆர்என்ஏ 10-ஆவது சுழற்சிக்குள்ளேயே ஏறத் தொடங்கிவிடும். அதற்கு 15 வரை பேஸ்லைன் வைத்தால் வளைவையே தின்றுவிடும். அப்போது பேஸ்லைனின் கடைசிச் சுழற்சி, வளைவு ஏறும் இடத்துக்கு இரண்டு சுழற்சி முன்பே முடிய வேண்டும்.

ஒரு மரபணுவுக்கு ஒரே த்ரெஷோல்ட். இரண்டு பிளேட்டில் ஓட்டியிருந்தால் இரண்டிலும் அதே எண்ணைக் கையால் போடுங்கள். மெஷினிடம் விட்டால் பிளேட்டுக்குப் பிளேட் மாறும். அந்த வேறுபாடு உயிரியல் மாற்றம்போலவே தோன்றும்.

அடுத்து மெல்ட் கர்வ். ஒரு பிரைமர் ஜோடிக்கு ஒரே கூர்முனை, எல்லா வெல்லிலும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். அதற்கு இடப்பக்கம், குறைந்த வெப்பநிலையில் ஒரு சின்ன மேடு தெரிந்தால் பெரும்பாலும் பிரைமர் டைமர் (பிரைமர்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருகியது). அது என்டிசியில் மட்டும், அதுவும் 36, 37-ஆவது சுழற்சியில் வந்தால் பொறுத்துக்கொள்ளலாம். மாதிரி வெல்லிலேயே வந்தால் அந்தச் சிடி எண்ணை நம்பாதீர்கள். சைபர் கிரீன் எந்த இரட்டை இழையானாலும் ஒட்டிக்கொண்டு ஒளிரும்.

ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத வெல்லில் சிடி வந்தால் பதற வேண்டாம், இடைவெளியை அளவிடுங்கள். மாதிரி 20, சேர்க்காதது 27 என்றால் இடைவெளி 7. 2-இன் 7-ஆம் அடுக்கு 128. ஆக, டிஎன்ஏவின் பங்கு 1 சதவீதத்துக்கும் கீழே. இடைவெளி 5 என்றால் 32-இல் ஒரு பங்கு, ஏறக்குறைய 3 சதவீதம். அதற்கும் குறைந்தால் ஆர்என்ஏவுக்கு மறுபடி டிஎன்ஏஸ் போட்டுவிட்டு வாருங்கள். கணக்கில் கழித்துச் சரிக்கட்டுவது நல்ல வழி அல்ல.

4. மூன்று வெல்லை ஒரு எண்ணாக்குங்கள்

ஒரே சிடிஎன்ஏவை மூன்று வெல்லில் போட்டது பைப்பெட் பிழையைப் பிடிக்கத்தான். 25.40, 25.44, 25.42 என்று வந்தால் சராசரி 25.42, அவ்வளவுதான். 25.38, 25.44, 26.31 என்று வந்தால்? மூன்றாவது வெல் கிட்டத்தட்ட 0.9 சுழற்சி பின்தங்கி இருக்கிறது. அதாவது அந்த வெல்லில் பாதியளவு டெம்ப்ளேட்தான் விழுந்திருக்கிறது, அல்லது ஓரம் ஆவியாகிவிட்டது. அந்த வெல்லின் வளைவையும் மெல்ட் கர்வையும் திறந்து பார்த்து, நீக்குங்கள். எத்தனை விலகினால் நீக்குவது என்ற விதியைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே நோட்டில் எழுதிவிட வேண்டும்: 'நடு மதிப்பிலிருந்து 0.5-க்கு மேல் விலகிய வெல் நீக்கப்படும்' என்று. பார்த்த பிறகு விதி செய்தால், நமக்கு வேண்டிய விடைக்கு ஏற்ற வெல்லையே மனம் தேர்ந்தெடுக்கும். மூன்றும் மூன்று பக்கம் சிதறியிருந்தால் எதையும் நீக்காதீர்கள்; அந்த மாதிரியை மறுபடி ஓட்டுங்கள்.

இந்த இடத்தில் எக்செல் ஒரு குழி வெட்டி வைத்திருக்கிறது. பெருகாத வெல்லில் மெஷின் எண்ணுக்குப் பதிலாக 'கண்டறியப்படவில்லை' என்று எழுத்தில் எழுதும். சராசரி ஃபங்ஷன் எழுத்தைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டு, மீதியிருக்கும் ஒன்றிரண்டு வெல்லின் சராசரியைக் கொடுக்கும். மூன்றில் இரண்டு வெல் பெருகாத மாதிரிக்கும் அழகான ஒரு எண் நின்றுகொண்டிருக்கும். அதனால் சராசரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் 'எத்தனை வெல்' என்ற எண்ணிக்கையையும் எப்போதும் போடுங்கள். அப்படிப்பட்ட வெல்லுக்கு 0 போடக் கூடாது. சிடி 0 என்றால் கணக்குக்கு அது அளவில்லாத வெளிப்பாடு. 40 என்று நிரப்புவதும் கற்பனைதான். சிடி 35-ஐத் தாண்டிவிட்டால் வெல்லில் இருப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய மூலக்கூறுகள். எந்த வெல்லில் எத்தனை விழுந்தது என்பது தற்செயல். அங்கே மடங்கு கணக்கு போடாமல், அந்த நிலையில் கண்டறிய முடியவில்லை என்று எழுதுவதே நேர்மை.

மனித மரபணுக்களோடு வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: செப்ட்2, மார்ச்1 போன்ற பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும். இதற்காகவே 2020-இல் அந்த மரபணுக்களின் குறியீடுகளையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்ற வேண்டியதாயிற்று. பழைய கோப்புகளில் பெயர்ப் பத்தியை எழுத்து வடிவமாக்கிவிட்டு ஒட்டுங்கள்.

5. பிரைமர் திறன்: 2 என்பது அனுமானம், அதைச் சோதியுங்கள்

ஒவ்வொரு சுழற்சியிலும் டிஎன்ஏ சரியாக இரட்டிக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் வாய்ப்பாட்டில் 2 வருகிறது. உண்மையில் இரட்டிக்கிறதா என்பதை ஸ்டாண்டர்டு கர்வ் சொல்லும்.

எடுத்து வைத்த 18 மைக்ரோலிட்டர் கலவையோடு 18 தண்ணீர் சேருங்கள். இது முதல் புள்ளி. நீர்க்காத சிடிஎன்ஏவை நேராகப் போடாதீர்கள். ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்ஷன் கலவையே பிசிஆரைத் தடுக்கும். பிறகு 5 மைக்ரோலிட்டர் எடுத்து 20 தண்ணீரில், அதிலிருந்து 5 எடுத்து அடுத்த 20-இல் என்று ஐந்தாவது புள்ளி வரை போங்கள். ஒவ்வொரு முறையும் டிப்பை மாற்றி, நன்றாகக் கலக்கி, சுழற்றி எடுங்கள்.

5 மடங்கு நீர்த்தால் சிடி 2.32 கூட வேண்டும். 10 மடங்கு என்றால் 3.32. இந்த இரண்டு எண்ணும் மனத்தில் இருந்தால் திரையைப் பார்த்ததுமே ஓரளவு தெரிந்துவிடும். நம் என்எச்எக்ஸ்1-க்கு வந்தவை: 22.10, 24.56, 27.02, 29.48, 31.94. ஒவ்வொரு படிக்கும் 2.46. சரியாக இரட்டிக்கவில்லை, கொஞ்சம் குறைகிறது என்று இப்போதே புரிகிறது.

கணக்காகப் போட, எக்ஸ் அச்சில் அளவின் 10-அடி லாக் (0, −0.699, −1.398, −2.097, −2.796), ஒய் அச்சில் சிடி. சாய்வு −3.52 வருகிறது. 1-ஐ 3.52-ஆல் வகுத்து, 10-ஐ அந்த அடுக்கில் ஏற்றினால் 1.92. இதுதான் பெருக்க எண். 1-ஐக் கழித்தால் திறன் 92 சதவீதம். சாய்வு −3.6 முதல் −3.1 வரை இருந்தால் திறன் 90 முதல் 110 சதவீதத்துக்குள் இருக்கும், அதை ஏற்கலாம். ஆர் ஸ்கொயர் 0.99-க்கு மேல் வர வேண்டும். உங்கள் மாதிரிகளின் சிடி இந்தக் கோட்டின் இரு முனைகளுக்குள் விழ வேண்டும். வெளியே விழுந்தால் அங்கே திறன் என்னவென்று நமக்குத் தெரியாது.

110 சதவீதத்துக்கு மேல் வந்தால் மகிழ வேண்டாம். ஒரு சுழற்சியில் இரட்டிப்புக்கு மேல் ஆக முடியாது. பெரும்பாலும் அடர்ந்த புள்ளியில் தடுப்பான் இருந்து அதன் சிடியைத் தாமதப்படுத்தியிருக்கும். முதல் இரண்டு புள்ளிக்கு நடுவே 2.32-க்குப் பதில் 1.6 என்று குறுகி நிற்கும். பாலிஃபீனால் மிகுந்த இலை, வேர் மாதிரிகளில் இது அடிக்கடி நேரும். முதல் புள்ளியை விட்டுவிட்டுக் கோடு போட்டுப் பாருங்கள். சரியானால், மாதிரிகளையும் இன்னும் நீர்த்து ஓட்ட வேண்டும். 90-க்குக் கீழே என்றால் அனீலிங் (பிரைமர் ஒட்டும்) வெப்பநிலையையும் பிரைமர் அளவையும் மாற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் வேறு ஜோடி.

நம் எடுத்துக்காட்டில் யூபிகியூ5-இன் சாய்வு −3.35, பெருக்க எண் 1.99. இஎஃப்1-ஆல்ஃபா −3.40, அதாவது 1.97.

6. ரெஃபரன்ஸ் ஜீன் அசையாமல் நிற்கிறதா?

'எல்லோரும் ஆக்டின் போடுகிறார்கள்' என்பது காரணம் ஆகாது. ஜிஏபிடிஎச் ஆக்சிஜன் குறைவில் கூடும். உயிரணுவில் ஆக்சிஜன் குறையச் செய்து நடத்தும் பரிசோதனைக்கு அதையே அளவுகோலாக வைத்தால், கூடாத மரபணுவும் குறைந்ததுபோல் தெரியும். 18எஸ் வேறு சிக்கல்: அதற்கு பாலி-ஏ வால் இல்லை. அந்த வாலில் ஒட்டும் ஒலிகோ டிடி பிரைமரால் செய்த சிடிஎன்ஏவில் அதை அளப்பதில் பொருளில்லை. தவிர அதன் சிடி 10 அளவிலும் உங்கள் மரபணு 28 அளவிலும் இருந்தால் ஒப்பீடே தள்ளாடும்.

குறைந்தது இரண்டு ரெஃபரன்ஸ் ஜீன் வையுங்கள். நெல்லில் பலவகைத் திசுக்களில் யூபிகியூ5-உம் இஎஃப்1-ஆல்ஃபாவும் நிலையாக நிற்பது ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருக்கிறது. என்றாலும் உங்கள் சூழலில் நிற்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். எளிய சோதனை இது: இரண்டு குழுவிலும் ரெஃபரன்ஸ் ஜீனின் சராசரிச் சிடியை ஒப்பிடுங்கள். நம் தரவில் யூபிகியூ5 கட்டுப்பாட்டில் 20.33, உப்பில் 20.36. இஎஃப்1-ஆல்ஃபா 18.86, 18.92. நல்லது. இந்த வேறுபாடு 0.5 ஆக இருந்தால், உங்கள் மரபணு துளியும் மாறாமலே 1.4 மடங்கு மாறியதாக விடை வரும். 1 ஆக இருந்தால் இரு மடங்கு. 1.5 மடங்கு மாற்றத்தைக் கண்டுபிடித்ததாக எழுதப் போகிறவர் இதை இரண்டு முறை பார்க்க வேண்டும்.

பல ரெஃபரன்ஸ் ஜீன்களை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்க ஜீநார்ம், நார்ம்ஃபைண்டர் போன்ற கருவிகள் உண்டு. ஜீநார்மில் ஆட்டத்தைக் காட்டும் எம் மதிப்பு 0.5-க்குக் கீழே வந்தால் நல்ல நிலைத்தன்மை.

7. டெல்டா சிடி, டெல்டா டெல்டா சிடி

இப்போதுதான் அந்த ஒரு வரி. மாதிரி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, இரண்டு ரெஃபரன்ஸ் சிடியின் சராசரியை எடுத்து, என்எச்எக்ஸ்1 சிடியிலிருந்து கழியுங்கள். சிடி ஏற்கெனவே லாக் அளவில் இருப்பதால் இங்கே சாதாரண சராசரி போதும். அளவுக் கணக்கில் அதுவே பெருக்கல் சராசரி ஆகிவிடும்.

கீழே வரிசை: என்எச்எக்ஸ்1, யூபிகியூ5, இஎஃப்1-ஆல்ஃபா, பிறகு டெல்டா சிடி.

கட்டுப்பாடு 1: 25.42, 20.31, 18.87, டெல்டா சிடி 5.83
கட்டுப்பாடு 2: 25.95, 20.55, 19.11, டெல்டா சிடி 6.12
கட்டுப்பாடு 3: 24.99, 20.12, 18.60, டெல்டா சிடி 5.63
உப்பு 1: 23.66, 20.48, 19.02, டெல்டா சிடி 3.91
உப்பு 2: 24.05, 20.33, 18.95, டெல்டா சிடி 4.41
உப்பு 3: 23.48, 20.27, 18.79, டெல்டா சிடி 3.95

கட்டுப்பாட்டின் சராசரி டெல்டா சிடி 5.86, உப்பின் சராசரி 4.09. உப்பிலிருந்து கட்டுப்பாட்டைக் கழித்தால் −1.77. இதுதான் டெல்டா டெல்டா சிடி. குறியை மாற்றி 2-இன் அடுக்கில் ஏற்றுங்கள்: 2-இன் 1.77 அடுக்கு, 3.41. உப்பு நாற்றில் என்எச்எக்ஸ்1 3.41 மடங்கு.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் குறி. சிடி குறைந்தால் வெளிப்பாடு அதிகம் என்பதால் தலைகீழாகப் போவது எளிது. இலக்கிலிருந்து ரெஃபரன்ஸ், சிகிச்சையிலிருந்து (இங்கே உப்பு) கட்டுப்பாடு, கடைசியில் குறி மாற்றம்: இந்த வரிசையை எக்செல் தாளின் தலையிலேயே எழுதி வையுங்கள். விடை வந்ததும் மூலச் சிடிக்குத் திரும்பிப் போங்கள். ரெஃபரன்ஸ் அசையவில்லை, உப்பில் என்எச்எக்ஸ்1 சிடி 25-லிருந்து 23-க்கு இறங்கியிருக்கிறது. ஆகவே மடங்கு 1-க்கு மேல்தான் வர வேண்டும். 0.29 என்று வந்திருந்தால் குறி தலைகீழ்.

இன்னொரு குழி: ஒவ்வொரு கட்டுப்பாட்டு மாதிரியையும் அதனதன் மதிப்பாலேயே கழித்து மூன்றையும் 1, 1, 1 ஆக்கிவிடுவது. கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் இயல்பான சிதறல் முழுக்கக் காணாமல் போய்விடும். கட்டுப்பாட்டின் சராசரியான 5.86-ஐத்தான் ஆறு மாதிரிக்கும் கழிக்க வேண்டும். அப்போது கட்டுப்பாட்டு மாதிரிகள் 1.02, 0.84, 1.17 என்றும், உப்பு மாதிரிகள் 3.86, 2.73, 3.76 என்றும் வரும். கட்டுப்பாடு சரியாக 1 ஆக இல்லையே என்று கவலைப்படாதீர்கள், அந்தச் சிதறல்தான் உங்கள் சான்று.

8. திறன் ஒத்துப்போகாதபோது

மேலே 2 என்று வைத்தோம். ஆனால் என்எச்எக்ஸ்1-இன் பெருக்க எண் 1.92. ஃபாஃபல் முறையில் ஒவ்வொரு மரபணுவுக்கும் அதன் சொந்த எண்ணையே போட வேண்டும். கட்டுப்பாட்டுச் சராசரிச் சிடியிலிருந்து உப்புச் சராசரியைக் கழித்து, அந்த அடுக்கில் ஏற்றுங்கள்:

என்எச்எக்ஸ்1: 1.92-இன் 1.723 அடுக்கு = 3.08
யூபிகியூ5: 1.99-இன் −0.033 அடுக்கு = 0.977
இஎஃப்1-ஆல்ஃபா: 1.97-இன் −0.06 அடுக்கு = 0.960

ரெஃபரன்ஸ் இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 0.969. 3.08-ஐ 0.969-ஆல் வகுத்தால் 3.18.

3.41 எங்கே, 3.18 எங்கே என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. மாற்றம் பெரிதாகப் பெரிதாக இடைவெளி விரியும். 6 சுழற்சி வேறுபாட்டில் 2-ஐப் போட்டால் 64 மடங்கு, 1.92-ஐப் போட்டால் 50 மடங்கு. என் கருத்தில், ஸ்டாண்டர்டு கர்வ் ஓட்டியாகிவிட்டது என்றால் 2-ஐப் பயன்படுத்த ஒரு காரணமும் இல்லை. கையில் இருக்கும் எண்ணைப் போடுங்கள். எளிய வழி: ஒவ்வொரு சிடியையும் அந்த மரபணுவின் பெருக்க எண்ணின் 2-அடி லாகால் பெருக்கிவிடுங்கள் (என்எச்எக்ஸ்1-க்கு 0.941). அதன் பிறகு 7-ஆம் படியை அப்படியே செய்யலாம், மாதிரிவாரியான எண்களும் கிடைக்கும்.

9. சோதனை டெல்டா சிடியில், வரைபடத்தில்தான் மடங்கு

புள்ளியியல் முழுவதையும் டெல்டா சிடியிலேயே செய்யுங்கள். மடங்காக மாற்றுவது கடைசி வேலை. மடங்கு எண்கள் ஒரு பக்கம் நீண்டு கிடக்கும்: கூடினால் 1 முதல் எல்லையில்லாமல், குறைந்தால் 0-க்கும் 1-க்கும் நடுவே நெருக்கி. டி டெஸ்ட் அதற்கு ஏற்றதல்ல. டெல்டா சிடி இரு பக்கமும் சமமாகப் பரவும்.

நம் ஆறு டெல்டா சிடியில் (திறன் 2 என்று வைத்த கணக்கில்) டி மதிப்பு 8.26, பி மதிப்பு சுமார் 0.001. வேறுபாட்டின் 95 சதவீத நம்பக எல்லை 1.77-க்கு இரு பக்கமும் 0.595. இரண்டு முனைகளையும் 2-இன் அடுக்கில் ஏற்றினால் 2.26 முதல் 5.15 மடங்கு வரை. கோடு மேலே நீளமாகவும் கீழே குட்டையாகவும் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். சமமாக இருந்தால் மடங்கு எண்களிலேயே திட்டவிலக்கம் எடுத்திருக்கிறார்கள் என்று பொருள். 3 மாதிரியில் எல்லை இவ்வளவு அகலமாக இருப்பதையும் கவனியுங்கள். இயன்றால் குழுவுக்கு 5, 6 மாதிரி வையுங்கள்.

இங்கே நடக்கும் மிகப் பெரிய தவறு எண்ணிக்கையில். 3 நாற்று × 3 வெல் = 9 என்று வைத்து டி டெஸ்ட் போடுவது. வெல்கள் ஒரே சிடிஎன்ஏவின் நகல்கள், தனி நாற்றுகள் அல்ல. மாதிரி எண்ணிக்கையைக் குறிக்கும் 'என்' 3 தான். 9 என்று போட்டால் பி மதிப்பு பொய்யாகச் சுருங்கும். விவரம் தெரிந்த மதிப்பீட்டாளர் முதலில் கேட்பதும் இதைத்தான். ஒரே நோயாளியிடம் சிகிச்சைக்கு முன், பின் என்று எடுத்த மாதிரியானால் இணை டி டெஸ்ட். மூன்று குழுவோ அதற்கு மேலோ என்றால் அனோவா. குழுக்களை இரண்டிரண்டாக டி டெஸ்ட் போட்டுக்கொண்டே போகக் கூடாது.

குறைந்த வெளிப்பாட்டை எழுதும்போது: 0.25 என்றால் கால்வாசி. அதை '−4 மடங்கு' என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். லாக்2 அச்சில் −2 என்று வரையுங்கள். கூடியதும் குறைந்ததும் ஒரே அளவுகோலில் தெரியும். பட்டைக்குப் பதிலாக ஒவ்வொரு மாதிரியையும் ஒரு புள்ளியாகக் காட்டுவது இன்னும் நல்லது.

10. எடுத்து வைக்க வேண்டிய ஆவணங்கள்

ஆய்வேடு சமர்ப்பித்து ஓராண்டு கழித்து மதிப்பீட்டாளர் கேள்வி வரும். அப்போது பொதுக் கருவியகத்தின் கணினியில் உங்கள் கோப்பு இருக்காது. ஓட்டிய அன்றே பென்டிரைவில் இவற்றை எடுத்துவிடுங்கள்: மெஷினின் மூல ரன் கோப்பு (எக்செல் ஏற்றுமதி மட்டும் போதாது, த்ரெஷோல்டை மாற்றிப் பார்க்க மூலக் கோப்புதான் வேண்டும்), பிளேட் வரைபடம், பெருக்க வளைவு, மெல்ட் கர்வ் படங்கள், நீக்கிய வெல்களின் பட்டியலும் காரணமும்.

இவற்றோடு பிரைமர் வரிசை, மரபணுவின் அணுகல் எண், துண்டின் நீளம், சாய்வு, ஆர் ஸ்கொயர், திறன், ஆர்என்ஏ விகிதங்கள், டிஎன்ஏஸ் போட்ட விவரம், சிடிஎன்ஏவுக்குப் போட்ட ஆர்என்ஏ அளவு, கிட்டின் பெயர், லாட் எண், பேஸ்லைன், த்ரெஷோல்ட் எண்கள், மாதிரி எண்ணிக்கை, எந்தச் சோதனை என்பதெல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். கியூபிசிஆர் முடிவுகளை வெளியிடுவதற்காக 2009-இல் வெளியான எம்ஐகியூஇ வழிகாட்டுதல்கள் கேட்பவற்றில் பெரும்பகுதி இதுதான். அவை 'சிடி' என்பதற்குப் பதிலாக 'சிகியூ' என்று எழுதச் சொல்கின்றன; பல இதழ்களும் அதையே எதிர்பார்க்கும். இரண்டும் ஒரே எண்தான், கட்டுரை முழுவதும் ஒன்றையே பயன்படுத்துங்கள்.

மிச்ச ஆர்என்ஏவை −80 டிகிரியில், சிறு பங்குகளாகப் பிரித்து, மாதிரிப் பெயரும் தேதியும் ஆல்கஹாலில் அழியாத மையால் எழுதி வையுங்கள். இன்னொரு ரெஃபரன்ஸ் ஜீனை வைத்துக் காட்டுங்கள் என்று மதிப்பீட்டாளர் கேட்டால், நாற்று வளர்ப்பதிலிருந்து தொடங்காமல் ஒரு பிளேட்டில் பதில் சொல்லிவிடலாம்.